முட்டைவண்டியின் பின்சீட்டு

கிளீட்டஸ் அந்த மூன்று சக்கர மின்சார வண்டியை ஊருக்குள் ஓட்டிக்கொண்டு வந்த அன்று, சிலுவை நிற்கிற குருசடிப் பக்கம் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. வெள்ளை ஃபைபர் உடம்பு. உள்ளே ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் என்று இரண்டே பேர் உட்காரலாம். சத்தம் என்பது மருந்துக்கும் கிடையாது. கார் என்று சொல்ல ஊர்க்காரர்களுக்கு மனம் வரவில்லை. ஆட்டோ என்று சொன்னால் கிளீட்டஸுக்குக் கோபம் வந்தது. கிளீட்டஸோடு சின்ன வயதில் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போன யோவான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நிதானமாகக் கேட்டான்.

"என்ன அண்ணே, பஹ்ரைன்ல இருந்து வந்து முட்ட போட்டிருக்கியளா?"

அதோடு சரி. கம்பெனிக்காரன் என்ன பேர் வைத்திருந்தானோ, இந்த ஊரில் அது முட்டைவண்டிதான்.

வண்டி வாங்கியது ஆடம்பரத்துக்கு இல்லை. கிளீட்டஸின் மனைவி செசிலிக்கு நாகர்கோவில் வடசேரியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு ஃப்ரேம் எடுத்துக் காட்டி, காதில் சரியாக உட்காருகிறதா என்று பார்த்து, பில் போட வேண்டும். நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் நிற்கிற வேலை வேறு. முட்டி வீங்கிவிட்டது. கிளீட்டஸ் வளைகுடாவில் மீன் பிடித்தது போதும் என்று திரும்பி வந்திருந்தார். சும்மா இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வரலாம் என்று இதை வாங்கினார். இரவு கிரைண்டர் பிளக்கில் சொருகி வைத்தால் காலையில் வண்டி தயார். மாவு ஆட்டுகிற அன்று மட்டும் வீட்டில் சண்டை.

சண்டை என்றால் செசிலி போடுவது. கிளீட்டஸ் கேட்டுக்கொண்டிருப்பார். செசிலியின் வாய் ஊரறிந்தது. அவள் வாசலில் நின்று ஏச ஆரம்பித்தால் மீன் ஏலம் போடுகிறவன் கூட விலையைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்வான் என்பார்கள். மனதில் ஒன்றும் கிடையாது. வாய் ஓயாது, அவ்வளவுதான். முட்டைவண்டி வந்த பிறகு அந்த வாய்க்கு ஒரு புது வசதி கிடைத்தது. முன்னால் இருக்கிறவர் எழுந்து போக முடியாது, திரும்பவும் முடியாது. வீட்டு வாசலில் ஆரம்பித்தால் கோட்டாறு தாண்டி வடசேரி வரை ஏசிக்கொண்டே போகலாம்.

பின்சீட்டில் இருந்தால் புருஷன் முகம் தெரியாது. பிடரிதான் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பிடரியை அவள் பார்த்ததே இல்லை. அதில் ஒரு மறு இருந்தது. மறுவுக்குக் கீழே மயிர் முதலில் நரைத்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற சனிக்கிழமைகளில் சீட்டின் தலைப்பக்கம் ஒரு வட்டமாக எண்ணெய் ஊறும். அவள் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே அதற்கும் ஏசுவாள். அவர் தலையை மட்டும் லேசாக ஆட்டுவார். அந்த ஆட்டம் சரி என்றா, போடி என்றா, அவளுக்குக் கடைசிவரை தெரிந்ததில்லை.

கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலை. வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. கிளீட்டஸ் வண்டியை நிறுத்தினார். செசிலி அப்போது மீன்சட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அடுக்களை ஜன்னலை அவர் சாத்தாமல் வந்துவிட்டார். சட்டிமேல் மூடியும் இல்லை. பூனை இந்நேரம் குடும்பத்தோடு வந்திருக்கும் என்று சொன்னாள். ஒரு காரியம் சொன்னால் அதில் மனசு நிற்கிறதா, பஹ்ரைன்காரன் எப்படித்தான் வைத்து வேலை வாங்கினான் என்று கேட்டாள். பஸ் நகர்ந்து போய்விட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "காது கேக்கலியா? வண்டிய எடுங்க" என்றாள். பைக்கோ ஆட்டோவோ என்றால் எஞ்சின் ஓடுகிறதா, அணைந்ததா என்று உடம்புக்கே தெரியும். இது ஓடினாலும் அப்படித்தான், நின்றாலும் அப்படித்தான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் ஏசினாள். தலை ஆடவில்லை. வாழைக்குலை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் வந்து முன்கதவைத் திறந்தபோதுதான் கிளீட்டஸ் அந்த ஆளின் கைமேல் சாய்ந்தார். கால் பிரேக்கிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில், நெஞ்சு நின்றது அந்த இடத்திலேயே, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்கள். பெங்களூரில் நர்ஸாக இருக்கிற மகள் அபினாவும் வந்து அதையே சொன்னாள். செசிலி கேட்டுக்கொண்டாள். கடைசியாக என்ன பேசினீர்கள் என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். சும்மா பேசிட்டேதான் போனோம் என்று எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னாள். யோவானும் ஊர் ஆண்களும் பெட்டியைத் தோளில் எடுத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனபோது அவள் பின்னால் நடந்தாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கல்லு போல நிக்கா பாருங்க என்று பெண்கள் சொன்னது அவள் காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. சரிதான் என்று நினைத்தாள்.

அவளுக்குள்ளே ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கையை நீட்டினால் தொடுகிற தூரம். ஒரு கையைத் தூக்கியிருக்கலாம். ஏட்டி என்று ஒரு சொல். ஏன் விளிக்கவில்லை? அவள் ஏச்சில் அலுத்துப்போய், இவளிடம் என்னத்தைச் சொல்ல என்று பேசாமலே போய்விட்டாரா? இந்தக் கேள்வியை யாரிடம் போய்க் கேட்பது? சாமியாரிடம் கேட்டால் ஜெபமாலை சொல்லச் சொல்வார். மகளிடம் கேட்டால் அழுவாள்.

அன்றிலிருந்து செசிலி யாரையும் ஏசவில்லை. பால்காரன் தண்ணீர் கலந்தான், வாங்கிக்கொண்டாள். பூனை உண்மையாகவே மீன்சட்டியில் தலையை விட்டது, பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வேலைக்குப் போனாள், நின்றாள், வந்தாள். கடையில் ஒருவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு "தெரியுதா?" என்று கேட்பாள். தெரிகிறது என்பார்கள். அவளுக்கு அதில் ஒன்றும் இல்லை. சோறு சோறாக இருந்தது. கடல் கடலாக இருந்தது. ஊர்க்காரர்களுக்குத்தான் பயம். அந்த வாசல் இப்படி ஊமையாகக் கிடந்து அவர்கள் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த ஓலைச்சாய்ப்பில் முட்டைவண்டி நின்றது. அதன்மேல் கம்பெனி கொடுத்த சாம்பல் நிறப் போர்வை. வேலை இல்லாத நேரங்களில் செசிலி போர்வையை ஒரு பக்கம் தூக்கி, கதவைத் திறந்து, பின்சீட்டில் போய் உட்காருவாள். போர்வை தானாக விழுந்து மூடிக்கொள்ளும். முன்சீட்டில் அந்த எண்ணெய் வட்டம் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஜெபிக்க மாட்டாள். பேச மாட்டாள். ஒன்றும் வராது. வருமோ என்று காத்திருப்பதும் இல்லை. இந்தப் பழக்கம் யாருக்கும் தெரியாது.

வண்டி சும்மா நின்றால் பேட்டரி கெட்டுப்போகும் என்று அபினா ஃபோனில் சொன்னாள். நாகர்கோவிலில் ஜான்ரோஸ் என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியரை அவளே பிடித்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அவரும் மனைவியும் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போவார்கள் என்று ஏற்பாடு. செசிலி சரி என்றாள். எல்லாவற்றுக்கும் சரி என்கிற காலம் அது. ஆனால் வெள்ளிக்கிழமை படுத்தபோது ஒன்று மட்டும் தோன்றியது. அந்த வண்டி போய்விட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு இடமும் இருக்காது.

சனிக்கிழமை அவள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். நல்ல வெயில். காற்றே இல்லை. கதவைப் பூட்டிவிட்டு, மத்தியானம் போர்வைக்குள் புகுந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். வீட்டுச் சாவியும் வண்டிச் சாவியும் கையில் இருந்தன. செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட நாளில்தான் கள்ளக்கடல் வரும். மழை இருக்காது, இடி இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். எங்கேயோ தூரத்தில் அடித்த புயலின் அலை சொல்லாமல் கொள்ளாமல் கரையேறித் தெருவுக்குள் வரும். காலையிலேயே ஃபோனில் எச்சரிக்கை வந்திருந்தது. வழக்கம்போல ஒருவரும் பார்க்கவில்லை. அன்று அது வந்தேவிட்டது; கோயில் மணி விடாமல் அடித்தது. "கரைப்பக்கம் உள்ளவிய எல்லாரும் கோயில் முற்றத்துக்கு வாங்க, வள்ளங்கள மேல ஏத்துங்க" என்று ஒலிபெருக்கியில் கோயில்பிள்ளை கத்தினார். செசிலிக்கு எல்லாம் கேட்டது. எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. தெரிவதற்கும் எழுந்திருப்பதற்கும் நடுவில் ஏதோ ஒன்று அறுந்து கிடந்தது. தண்ணீர் வந்து வண்டியின் அடியைத் தட்டிவிட்டுப் போனது. அவள் எண்ணெய் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண்கள் வள்ளங்களையும் எஞ்சின்களையும் மேலே ஏற்றிவிட்டு, வீடுகளில் கிடந்த பைக்குகளையும் ஃபிரிட்ஜுகளையும் தூக்க வந்தார்கள்.

"மைனி! ஏ செசிலி மைனி!" அண்ணன் மனைவியை மைனி என்கிற யோவானின் குரல் வாசலில் கேட்டது. "மைனி, உள்ள இருக்கியளா?"

இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். வாய் திறக்கவில்லை.

"வீடு பூட்டிக் கெடக்கு. செருப்பும் இல்ல. கடைக்குப் போயிருப்பாவ" என்று யோவான் சொன்னான். "லேய், அண்ணனுக்க முட்டைய எடுங்கலே, தண்ணி அடிச்சுக் கொண்டு போயிரும்."

தள்ளிப் பார்த்தார்கள். பிரேக் போட்டுப் பூட்டியிருந்தது, அசையவில்லை. சக்கரம் மணலில் புதைந்தும் இருந்தது. டவுனில் இருக்கிறவன் என்றால் அங்கேயே கையை விரித்து, மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டிருப்பான். கடற்கரைக்காரனுக்கு அந்தப் புத்தி கிடையாது. நகராத எதையும் அவன் வள்ளம் என்றுதான் நினைப்பான். இரண்டு கம்பை அடியில் கொடுத்து, பக்கத்துக்கு ஐந்தாறு பேராகத் தோளைக் கொடுத்தார்கள். போர்வையை எடுத்துப் பார்க்க ஒருவனுக்கும் தோன்றவில்லை.

"பிடி... பிடி... ஒத்தப் பிடி... தூக்கு!"

வண்டி எழும்பியது. செசிலியும் எழும்பினாள்.

"இந்தச் சவத்துக்கு என்ன கனம்லே! லேசான வண்டின்னுல்லா அண்ணன் பெருமை அடிச்சாரு" என்றது ஒரு குரல்.

"முட்டையில்லா, உள்ள குஞ்சு இருக்கும்" என்றது இன்னொன்று.

"சிரிக்காத செல்வதாஸு, ஒனக்க பக்கம் தாழுது. தின்ன சோத்த எல்லாம் எங்கலே போடுத? தூக்குலே, மூதேவி!" இது யோவான்.

போர்வைக்குள்ளே சாம்பல் வெளிச்சம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபக்கம் சாய்ந்தது. முன்சீட்டும் அவளோடு சேர்ந்து ஆடியது. அவர்கள் மூச்சு வாங்குவது கேட்டது. தண்ணீரில் கால்கள் சளக் சளக்கென்று போவது கேட்டது. யோவான் ஒருவனை விடாமல் ஏசினான். இடதுபக்கம் வாடா, வலதுபக்கம் செத்துப்போச்சா, ஒங்க அப்பன் இப்படியா தூக்குவான். செசிலி சீட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். உடம்பில் ஒரு வலியும் இல்லை. பயமும் இல்லை. வெளியே இத்தனை பேர் சத்தமாக இருக்கிறார்கள், அது போதும்போல இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் இறக்கிவிடுவார்கள். ஜன்னல் கண்ணாடி கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கை மடியிலேயே கிடந்தது.

கோயில் முற்றத்தில் வண்டியை இறக்கினார்கள். கரையில் வள்ளம் வைக்கிற பழக்கத்தில் அதையும் கடலைப் பார்த்து வைத்தார்கள். அதோடும் விட்டார்களா? நங்கூரக் கயிற்றைக் கொண்டுவந்து கொடிமரத்தோடு கட்டினார்கள். பிறகு உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பார்க்க யோவான் போர்வையைத் தூக்கினான்.

"மாதாவே!"

அவன் பிடியில் இருந்து போர்வை நழுவி, முழுவதும் மணலில் விழுந்தது. செசிலி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். தூக்கி வந்த ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செல்வதாஸ் தொப்பியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"மைனி, நீங்க... இதுக்குள்ளயா?" யோவான் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டான். பயம் போனதும் கோபம் வந்தது. "நான் வாசல்ல நிண்ணு தொண்ட கிழிய விளிச்சேனே! கேக்கலியா?"

"கேட்டுது."

"பொறவு? தண்ணி அடிச்சிருந்தா என்ன ஆகும்? உள்ள இருந்து ஒரு சத்தம் குடுக்கப்பிடாதா? இத்தன ஆளு பக்கத்துல நிக்கோம். கைய வச்சு ஒரு தட்டு தட்டப்பிடாதா? நாங்க கண்டபடி ஏசினது வேற... எங்க மேல எதும் வருத்தமா மைனி?"

"உங்க மேல என்ன வருத்தம்?" என்றாள் செசிலி. பேசிப் பழக்கம் விட்ட குரல், மெதுவாக வந்தது. "ஒரு வருத்தமும் இல்ல யோவான். எல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தேன். நீ ஏசினதும் கேட்டுது. ஆளு இருக்குன்னு நல்லாத்தான் இருந்துது. சத்தம் குடுக்கணும்னு தோணல. அவ்வளவுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்குக் கேட்டது.

அவள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். முன்சீட்டையும் பின்சீட்டையும் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உள்ளே இருந்தது அவள்தான். விளித்தவன் வெளியே நின்றான், அவள் பேசவில்லை. அலுப்பு இல்லை, கோபம் இல்லை, யாரையும் வேண்டாம் என்றும் இல்லை. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். பின்னால் மீன்சட்டி, பூனை, பஹ்ரைன் என்று அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆள் இருக்கிறது, அது போதும் என்று இருந்திருப்பார்.

கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாள். கிறிஸ்மஸுக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய அழுகை அப்போது வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளாமல், ஆண்கள் இத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதாள். என்ன செய்வது என்று தெரியாமல் செல்வதாஸ் கொடிமரத்துக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

அதைப் பார்த்தபோது அழுகையின் நடுவே செசிலியின் கண்ணில் ஒன்று பட்டது. வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி ஒடிந்து தொங்கியது.

"லேய், கண்ணாடியப் பிடிச்சா தூக்கினிய?" என்றாள். மூக்கைச் சிந்தினாள். "தூக்கத் தெரியலன்னா சும்மா கெடக்கணும். சாயங்காலம் வண்டிக்கு ஆளு வருது, இதக் காட்டி என்னத்தச் சொல்லுவேன்? கொடிமரத்துல கொண்டு கட்டியிருக்கானுவ, வள்ளமாலே இது, ஓடிப்போறதுக்கு? செல்வதாஸு, நீ என்னத்துக்கு அங்க நிண்ணு கயிற உருட்டுத? அவுருலே அத!"

செல்வதாஸ் அவசரமாக அவிழ்த்தான். முற்றத்தின் மறுபக்கம் பிள்ளைகளோடும் பாத்திரங்களோடும் உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். யோவான் தலையைக் குனிந்துகொண்டு நின்று முழு ஏச்சையும் வாங்கினான். அவன் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டான். கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

சாயங்காலம் கடல், தான் ஒன்றும் செய்யாததுபோலத் திரும்பிப் போய்விட்டது. ஜான்ரோஸும் மனைவி நந்தனாவும் பஸ்ஸில் வந்து இறங்கி, வழி கேட்டுக் கோயில் முற்றத்துக்கு வந்தார்கள். கல்யாணமாகி அதிகக் காலம் ஆகாத சோடி. கண்ணாடி ஒடிந்ததை செசிலியே காட்டினாள். மாற்றிக்கொள்ளலாம் அக்கா, பரவாயில்லை என்றார் ஜான்ரோஸ். அவள் போய்ச் சார்ஜ் வயரை எடுத்து வந்து கொடுத்தாள். சாவியையும் கொடுத்தாள். முன்சீட்டின் எண்ணெய் வட்டத்தை மட்டும் ஒரு தடவை கையால் தடவிவிட்டாள். துடைக்கவில்லை.

ஜான்ரோஸ் முன்னால் ஏறினார். நந்தனா பின்னால் ஏறினாள். ஏறி உட்கார்ந்த உடனே ஆரம்பித்தாள்.

"வயர எடுத்து வச்சியளா? எங்க வச்சிய? வீட்ல ஃபோன மறந்தது போல இதையும் மறந்தாச்சுன்னா நாளைக்கு எதுல சார்ஜ் போடுவிய? ஒரு காரியத்துலயாவது..."

அப்போதுதான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் செசிலி நிற்பதைப் பார்த்தாள். இந்த வண்டியில் நடந்தது என்ன என்று அபினா சொல்லியிருக்க வேண்டும். நந்தனா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ, மன்னிச்சிருங்கக்கா. நான் சும்மா... இனி பேச மாட்டேன்."

செசிலி குனிந்து ஜன்னலில் கையை வைத்தாள்.

"ஏன் பிள்ள நிறுத்திட்ட? ஏசு. வீடு சேருவது வர ஏசு." அவள் முன்சீட்டில் இருந்த பிடரியை ஒரு தடவை பார்த்தாள். "அவன் பதில் சொல்லலன்னா வெசனப்படாத. கேட்டுட்டுத்தான் இருப்பான்."

வண்டி மணலைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறியது. அதற்குச் சத்தம் கிடையாது. நந்தனா ஏசுவது மட்டும் முக்கு திரும்பும்வரை கேட்டது. அதுவரை செசிலி அங்கேயே நின்றாள்.